பெல்விக் ஃப்ளோர் நேரடிப் பயிற்சிக்குப் போகும் பிசியோக்களுக்கு

வெபினார் எத்தனை பார்த்தாலும் இடுப்புத் தளத் தசை விரலுக்குப் பிடிபடாது. பிசியோ படித்து முடித்து, பிரசவத்துக்குப் பிறகான சிறுநீர்க் கசிவு, கர்ப்பப்பை இறக்கம் என்று கேஸ்கள் வரத் தொடங்கியதும் நேரடி வகுப்புக்குப் போகலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். கட்டாயம் போங்கள். 1991-ல் ரிச்சர்ட் பம்ப் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், 47 பெண்களுக்குக் கெகல் பயிற்சியை, அதாவது இடுப்புத் தளத் தசையைச் சுருக்கித் தளர்த்தும் பயிற்சியை, வாய்ச்சொல்லாக மட்டும் விளக்கிவிட்டுச் செய்யச் சொன்னார்கள். 23 பேர்தான் சரியாகச் சுருக்கினார்கள், 12 பேர் செய்த விதமோ கசிவை அதிகமாக்கக்கூடியது. நோட்டீஸைக் கையில் கொடுத்து அனுப்பினால் நம் நோயாளிகளுக்கும் இதுதான் நடக்கும்.

பணம் கட்டும் முன் ஏற்பாட்டாளரிடம் சில விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். கையால் செய்து பழக எத்தனை மணி நேரம்? எத்தனை பேருக்கு ஒரு ஆசிரியர்? என்னைக் கேட்டால், எட்டுப் பத்துப் பேருக்கு ஒருவராவது இல்லாத வகுப்புக்குப் போக வேண்டாம், ஏனென்றால் உங்கள் விரல் எங்கே இருக்கிறது என்று பக்கத்தில் நின்று சரிபார்க்க ஆள் இருக்காது. யோனிக்குள் விரல் வைத்துச் செய்யும் உள்பரிசோதனையை ஒருவர்மீது ஒருவர் செய்து பழக வேண்டுமா, இல்லை மாதிரி நோயாளிகள் வருவார்களா, ஆண் பிசியோக்கள் சேரலாமா, சேர்ந்தால் அவர்கள் யாரோடு பழகுவார்கள், இதெல்லாம் முன்பே தெரிந்தாக வேண்டும். கர்ப்பமாக இருந்தாலோ, தொற்று இருந்தாலோ, பிரசவமாகி ஆறு வாரம் ஆகவில்லை என்றாலோ உங்கள்மீது உள்பரிசோதனை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பழைய கசப்பான அனுபவத்தால் விருப்பமில்லை என்றாலும் அப்படியே. காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமே இல்லை, அதைக் கேட்டு வற்புறுத்தும் வகுப்பு நல்ல வகுப்பு அல்ல.

நகத்தை ஒட்ட வெட்டிவிட்டுப் போங்கள். கையுறையின் லேடெக்ஸ் ரப்பர் அலர்ஜியா என்று உங்களோடு பழகும் ஜோடியிடம் கேளுங்கள். கூடப் படிக்கிறவர்தானே என்று சம்மதம் கேட்பதை மட்டும் அவசரமாகக் கடக்காதீர்கள். என்ன செய்யப்போகிறீர்கள், எதற்காக, எப்போது நிறுத்தலாம் என்று முழு வாக்கியமாகச் சொல்லிப் பழகுங்கள். நாளைக்கு நோயாளியிடம் அதே வாக்கியம்தான் வாயில் வரும். "நிறுத்து" என்று சொன்னால் அந்த நொடியே விரல் அசையாமல் நின்று, மெதுவாக வெளியே வர வேண்டும்.

இனி கை வேலை. ஜோடி மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கியிருக்கட்டும், மேலே போர்வை. முதலில் வெளியே பாருங்கள்: இருமச் சொன்னால் பெரினியம் (யோனிக்கும் ஆசனவாய்க்கும் நடுவே உள்ள பகுதி) கீழே இறங்குகிறதா, சுருக்கச் சொன்னால் உள்ளே ஏறுகிறதா? பிறகு தண்ணீர் அடிப்படையிலான ஜெல் தாராளமாக, ஒரே விரல், அவர் மூச்சை வெளியே விடும்போது மெதுவாக உள்ளே. யோனி வாயைக் கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள், 12 மணி முன்னெலும்புப் பக்கம், 6 மணி ஆசனவாய்ப் பக்கம். 12 மணியில் சிறுநீர்க்குழாய் இருக்கிறது, அங்கே அழுத்தாதீர்கள். நான்கு முதல் ஆறு சென்டிமீட்டர் உள்ளே, 4 மணியிலும் 8 மணியிலும் விரல் நுனியைச் சாய்த்தால் இடுப்புத் தளத்தின் முக்கியத் தசையான லெவேட்டர் ஏனை கிடைக்கும். அழுத்தம் எவ்வளவு என்று எல்லோரும் கேட்பார்கள். பழுத்த தக்காளியைத் தோல் கிழியாமல் தொட்டுப் பார்க்கும் அளவு போதும்.

பக்கச் சுவரில் இருப்பது, தொடையை வெளிப்பக்கம் திருப்பும் தசையான ஆப்ட்யூரேட்டர் இன்டர்னஸா என்று சந்தேகமா? மறு கையை அவருடைய முழங்காலின் வெளிப்பக்கம் வைத்துக்கொண்டு, "இந்தக் கையை வெளியே தள்ளுங்க" என்று சொல்லுங்கள். விரலடியில் தசை புடைத்தால் அதுதான். இந்த ஒரு விஷயத்தை வலது, இடது இரண்டு பக்கமும் ஆசிரியர் முன்னால் செய்து காட்டாமல் மேஜையைவிட்டு நகராதீர்கள்.

அப்புறம் சுருக்கச் சொல்லுங்கள். "காத்து வெளியே போகாம அடக்குங்க, அப்படியே சிறுநீரையும் அடக்குற மாதிரி உள்ளே மேலே இழுங்க" என்றால் பெரும்பாலானவர்களுக்குப் புரியும். வயிறு இறுகுகிறதா, பிட்டம் தூக்குகிறதா, மூச்சு நிற்கிறதா என்று கண் பார்க்கட்டும். தசை வலிமைக்கு, மாற்றியமைத்த ஆக்ஸ்ஃபோர்டு அளவுகோலில் 0 முதல் 5 வரை மதிப்பெண். 1 என்றால் லேசான துடிப்பு, 2 என்றால் பலவீனமான பிடிப்பு, 3-ல்தான் விரல் உள்நோக்கி மேலே தூக்கப்படுவது தெரியும். ஜோ லேகாக்கும் ஜெர்வுட்டும் 2001-ல் வெளியிட்ட பெர்ஃபெக்ட் (PERFECT) என்ற மதிப்பீட்டு முறையில் இந்த வலிமையோடு எத்தனை விநாடி பிடிக்கிறார், எத்தனை முறை திரும்பச் செய்கிறார், வேகமாக எத்தனை முறை சுருக்குகிறார் என்பதும் சேரும். எல்லாவற்றையும் அங்கேயே தாளில் எழுதுங்கள். பிறகு ஆசிரியரையும் அதே ஜோடியைப் பார்க்கச் சொல்லி இரண்டு மதிப்பெண்ணையும் ஒப்பிடுங்கள்.

வகுப்பில் அதிகம் அவசரப்படுத்தப்படுவது தளர்வுதான். சுருக்கிய தசை முழுதாக விடுகிறதா, பாதியில் நிற்கிறதா, எத்தனை நேரம் எடுக்கிறது? இடுப்பு வலியோடும் தாம்பத்திய உறவின்போது வலியோடும் வருகிற பல பெண்களுக்குத் தசை ஏற்கெனவே இறுகித்தான் இருக்கும், அவர்களுக்குப் போய்க் கெகல் சொல்லிக்கொடுத்தால் வலி கூடலாம். வலிக்கும் புள்ளி கிடைத்தால் தேய்க்க வேண்டாம். அதே இடத்தில் விரலை அசையாமல் வைத்து, வலி பத்துக்கு எத்தனை என்று கேளுங்கள், வயிறு உப்பும்படி ஆழமாக மூச்சை இழுத்து விடச் சொல்லுங்கள், எண் குறைகிறதா என்று காத்திருங்கள். குறையவில்லை என்றால் அழுத்தத்தைக் குறையுங்கள், கூட்டாதீர்கள்.

நீங்களும் ஒருமுறை படுத்துப் பாருங்கள், உடல்நிலையும் மனமும் இடம் கொடுத்தால். எந்த வார்த்தை பதற வைக்கிறது, கை எப்போது வேகமாக வருகிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். ஜோடிக்கு நீங்கள் சொல்லும் பதிலும் முக்கியம். "நல்லா இருக்கு" என்றால் அவருக்கு எந்தப் பயனும் இல்லை, "இடது பக்கம் கொஞ்சம் ஆழம் அதிகம், நகம் படுது" என்று சொல்லுங்கள்.

திரும்பி வந்ததும் இடைவெளி விடாமல் தொடங்குங்கள், முடிந்தால் அனுபவமுள்ள சீனியரோடு. சம்மதத்தை ஒவ்வொரு முறையும் கேட்டுக் குறிப்பில் எழுதுங்கள், அறையில் துணைக்கு ஒரு பெண் ஊழியர் வேண்டுமா என்றும் கேளுங்கள். கல்யாணம் ஆகாதவர், சிறுமி, உள்பரிசோதனை வேண்டாம் என்கிறவர் யாருக்கும் அது இல்லாமலே வேலை செய்யலாம். உட்காரும் எலும்பின் உள்பக்கம், ஆடைக்கு மேலேயே விரல் வைத்தால் சுருங்குவதும் தளர்வதும் தெரியும். அல்ட்ராசவுண்ட் கருவி இருந்தால் சிறுநீர்ப்பை ஓரளவு நிரம்பியிருக்கும்போது அடிவயிற்றில் வைத்துப் பாருங்கள், சரியாகச் சுருக்கினால் சிறுநீர்ப்பையின் அடிப்பகுதி மேலே தூக்குவதைத் திரையில் அவருக்கே காட்டலாம்.