பத்து நிமிட சைக்கிள்
சிக்குன்குனியா காய்ச்சல் ஒரு வாரத்தில் இறங்கிவிட்டது; மூட்டு வலிதான் மாதக்கணக்கில் குடியிருந்தது. ஞாயிறுதோறும் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்கு சைக்கிள் மிதித்தவன் நான். அந்த வீராப்பில் மூன்றாம் வாரமே கிளம்பினேன். பெண்ணையாற்றுப் பாலம் தாண்டித் திரும்புவதற்குள் முழங்கால் வீங்கி, இரண்டு நாள் படுக்கை.

பிறகு மருத்துவரைக் கேட்டுக் கணக்கை மாற்றினேன். தூரத்தை விட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன்: 10 நிமிடம், சமதளம், லேசான கியர். மறுநாள் காலை கால் சொல்வதுதான் தீர்ப்பு. விறைப்பு கூடியிருந்தால் ஓய்வு; இல்லையென்றால் வாரத்துக்கு 2 நிமிடம் கூடுதல்.

சீட்டும் தாழ்ந்திருந்தது. பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும்; எனக்கு மடங்கியே நின்றது. இரண்டு விரற்கடை உயர்த்தியதும் முழங்காலின் முன்பக்க வலி பாதியாகக் குறைந்தது. இத்தனை வருடம் இது தெரியாமல் ஓட்டியிருக்கிறேன், வெட்கம்தான்.

இப்போது தேவனாம்பட்டினம் சில்வர் பீச் வரை போகிறேன். திரும்புகையில் வலித்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு வருவேன். தெரிந்தவர்கள் “பஞ்சரா?” என்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.