புதுப்பித்த பழைய டிராக்டர்: வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொட்டகையில் கிடந்த பழைய டிராக்டர் அப்படியே விற்பனைக்கு வந்தால், அதன் நிலைமையைப் புரிந்துகொள்வது ஓரளவு சுலபம். ஆயில் எங்கே கசிகிறது, எந்த போல்ட்டை அடிக்கடி கழற்றியிருக்கிறார்கள், துரு எந்தப் பக்கம் ஏறியிருக்கிறது என்பதெல்லாம் பார்த்த உடனே தெரிந்துவிடும். புதுப்பித்த டிராக்டரில் இந்தத் தடயங்கள் எல்லாவற்றையும் கழுவி, தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். யாரும் ஏமாற்ற நினைத்திருக்க வேண்டியதில்லை, அந்த வேலையே அப்படிப்பட்டது. அதனால் இங்கே குறைகளைக் கண்ணால் மட்டும் தேடினால் கிடைக்காது. வண்டியைச் சூடாக்கி, அதற்குச் சுமை கொடுத்து, குறைகள் தாமாக வெளியே வரும்படி செய்ய வேண்டும். வாங்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, நிற்கிற வண்டியை நின்றபடியே பார்த்துவிட்டு வருவதால் நேர்பவை.

முதல் தவறு, ஏற்கெனவே ஓடிச் சூடாகியிருக்கும் என்ஜினைப் பார்ப்பது. போவதற்கு முன்பே விற்பவரிடம், "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். போனதும் பிளாக்கின் மேல் கையை வைத்துப் பாருங்கள். குளிர்ந்த என்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதிலேயே கம்ப்ரஷன், டீசல் பம்ப், பேட்டரி மூன்றின் நிலையும் தெரிந்துவிடும். டீசல் என்ஜின் ஆரம்பத்தில் கொஞ்சம் வெள்ளைப் புகை விட்டு நிறுத்திக்கொண்டால் பரவாயில்லை. நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். ரிங், லைனர் அல்லது வால்வு கைடு தேய்ந்திருக்கலாம். சூடான பிறகும் வெள்ளைப் புகை விடாமல் வந்தால், தண்ணீர் சிலிண்டருக்குள் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

அந்த மாடலைப் பற்றி முன்பே படித்துவிட்டுப் போனால்தான் இதில் சரியாக முடிவெடுக்க முடியும். மாஸி ஃபெர்குசன் 35-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் நான்கு சிலிண்டர் டீசல் என்ஜின் குளிரில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும் என்று பெயர் வாங்கியது. 1959-இல் வந்த மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் என்ஜின் அப்படியில்லை. இரண்டு வண்டியும் ஸ்டார்ட் ஆக வெகுநேரம் இழுத்தடித்தால், முதலாவதில் அது பிறவிக்குணமாக இருக்கலாம், இரண்டாவதில் நிச்சயம் கோளாறு.

ஸ்டார்ட் செய்யும் முன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஆயில் குச்சியையும் இழுத்துப் பாருங்கள். தண்ணீர் மேல் ஆயில் படலம் மிதந்தாலோ, ஆயில் பால் கலந்த நிறத்தில் இருந்தாலோ, ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், அல்லது பிளாக்கிலோ ஹெட்டிலோ விரிசல் இருக்கலாம். ஆனால் விற்பனைக்காகத் தயாரான வண்டியில் ஆயில் புதிதாகவே இருக்கும். அதில் எதுவும் தெரியாது. இதற்கு ஒரு வழி உண்டு. தண்ணீர் ஆயிலை விடக் கனமானது. வண்டி ராத்திரி முழுக்க நின்றிருந்தால் தண்ணீர் என்ஜினின் ஆயில் தொட்டியான சம்ப்பின் அடியில் தங்கிவிடும். விற்பவர் அனுமதித்தால் ஆயில் வடிக்கும் திருகை மெல்லத் தளர்த்தி, முதலில் வருவது ஆயிலா தண்ணீரா என்று பாருங்கள். குளிர் நாடுகளில் ஓடிய வண்டிகளில் இன்னொன்றும் உண்டு. வடிக்காமல் விட்ட தண்ணீர் உறைந்து விரிந்து பிளாக்கையே பிளந்துவிடும். அதை வெல்டிங் வைத்தோ எபாக்ஸி பூசியோ மூடி, மேலே பெயிண்ட் அடித்துவிடுவார்கள். டார்ச்சைப் பிளாக்கின் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் அந்த மேடு தெரியும்.

அடுத்த தவறு, ஐந்து நிமிடம் ஓடவிட்டு "நல்லா ஓடுது" என்று அணைத்துவிடுவது. குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருக்கும், அதனால் தேய்ந்த பேரிங் உள்ள என்ஜின்கூட நல்ல ஆயில் பிரஷர் காட்டும். அரை மணி நேரமாவது ஓட்டிச் சூடாக்கிய பிறகு, ஐட்லிங்கில் ஆயில் பிரஷர் மீட்டரின் முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். என்ஜினை அணைத்ததும் முள் சைபருக்கு இறங்குகிறதா என்றும் கவனியுங்கள். மீட்டரே பழுதாக இருந்தால் அது காட்டிய எதையும் நம்ப முடியாது. என்ஜின் சூடாக இருக்கும்போது உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாயில் புகை குப்புக்குப்பென்று வந்தால், பிஸ்டனைத் தாண்டி வாயு கீழே இறங்குகிறது. இந்த அரை மணி நேரத்தை விற்பவர் தர மறுத்தால், நான் அந்த வண்டியை வாங்கமாட்டேன்.

பெயிண்டைப் பார்க்கவே கூடாது என்று சொல்லவில்லை. அது எவ்வளவு பளபளக்கிறது என்பதை விட, எங்கெல்லாம் பட்டிருக்கிறது என்று பாருங்கள். ரப்பர் ஹோஸ், ஒயர், கிரீஸ் நிப்பிள், சீரியல் எண் பொறித்த நம்பர் பிளேட் எல்லாவற்றின் மேலும் ஒரே அடியாக ஸ்ப்ரே செய்திருந்தால், எதையும் கழற்றாமல் வெளியே மட்டும் வேலை நடந்திருக்கிறது. நிப்பிளின் வாயைப் பெயிண்ட் அடைத்திருந்தால், பெயிண்ட் அடித்த பிறகு அங்கே யாரும் கிரீஸ் வைக்கவில்லை என்பது உறுதி. வண்டிக்கு அடியில் படுத்து கியர்பாக்ஸின் கீழ்ப்பக்கத்தைப் பாருங்கள். பழைய அழுக்கின் மேலேயே பெயிண்ட் ஏறியிருப்பது பெரும்பாலும் அங்கேதான் தெரியும். பானெட்டிலும் மட்கார்டிலும் ஒரு சின்னக் காந்தத்தை வைத்து நகர்த்துங்கள். அது பிடிக்காத இடத்தில் தகடு போய்ப் பட்டிதான் நிற்கிறது.

நிறம் சரியா என்பதும் ஒரு தகவல். ஃபார்மால் டிராக்டர்கள் 1936-க்கு முன் சாம்பல் நிறத்தில்தான் வந்தன, சிவப்பு பிறகு வந்தது. முதலில் வந்த ஃபெர்குசன் 35 சாம்பலும் தங்க நிறமுமாக இருக்கும். நிறம் மாறியிருந்தால் வண்டி கெட்டுவிடாது. ஆனால் இவ்வளவு செலவு செய்தவர் அதைக்கூடத் தேடிப் பார்க்கவில்லை என்றால், கண்ணுக்குத் தெரியாத உள் வேலையில் எவ்வளவு கவனம் காட்டியிருப்பார்?

ஓடிய மணி நேரத்தைக் காட்டும் மணி மீட்டரை நம்பாதீர்கள். புது மீட்டர் மாட்டுவது சுலபம். உழைத்த அளவைச் சொல்வது வேறு இடங்கள். டிராபாரில், அதாவது டிரெய்லரை மாட்டும் பட்டையில், பின் நுழையும் துளை வட்டமாக இருக்கிறதா, நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா? மாட்டும் கருவிகளுக்கு என்ஜின் சக்தியைக் கொடுக்கும் பிடிஓ தண்டின் பற்கள் கூர்ந்துபோயிருக்கின்றனவா? கிளட்ச் பெடல் பக்கவாட்டில் எவ்வளவு ஆடுகிறது? முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, நடுப் பின்னையும் கிங்பின்னையும் ஆட்டிப் பாருங்கள். இந்த இடங்களை யாரும் அழகுக்காகச் சரிசெய்வதில்லை. அதனால் இங்கே தேய்மானம் இல்லையென்றால், ஒன்று வண்டி குறைவாக ஓடியிருக்க வேண்டும், அல்லது உண்மையாகவே வேலை பார்த்திருக்கிறார்கள்.

ஹைட்ராலிக் லிஃப்டை வெறுமனே தூக்கி இறக்கிக் காட்டுவார்கள். அதைப் பார்த்துத் திருப்தியடைவது பெரிய தவறு. சுமை இல்லாமல் எந்த லிஃப்டும் மேலே போகும். ஒரு கலப்பையையோ வேறு கனமான பொருளையோ மாட்டி, ஆயில் சூடான பிறகு தூக்கச் சொல்லுங்கள். தூக்கிய நிலையில் லிஃப்டின் கை மேலும் கீழும் தலையாட்டினால், உள்ளே எங்கோ ஆயில் கசிகிறது. என்ஜினை அணைத்ததும் சுமை கண்முன்னே இறங்கினாலும் அப்படித்தான். மெதுவாக, நேரமெடுத்து இறங்குவதைப் பழைய வண்டிகளில் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இங்கேயும் மாடலின் இயல்பைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் 5 லட்சத்துக்கும் மேல் தயாரான ஃபெர்குசன் டிஇ20-இல், ஹைட்ராலிக் பம்ப் பின் பெட்டிக்குள் இருக்கும். பிடிஓ தண்டுதான் அதைச் சுற்றும். பிடிஓ லீவரைப் போடாவிட்டால் லிஃப்ட் வேலை செய்யாது, கிளட்சை மிதித்தாலும் நின்றுவிடும். அது கோளாறு அல்ல. அதே வண்டியில் கியர் லீவரை ஸ்டார்ட் நிலைக்குத் தள்ளினால்தான் செல்ஃப் அடிக்கும். கியரில் இருக்கும்போது தவறுதலாக ஸ்டார்ட் ஆகாமலிருக்க அந்த ஏற்பாடு. யாராவது தனி பட்டன் வைத்து அதைத் தாண்டியிருந்தால், ஒரு நல்ல பாதுகாப்பைக் கெடுத்திருக்கிறார்கள்.

கியர்பாக்ஸை எல்லாக் கியரிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். சரிவில் இறங்கும்போது ஆக்சிலேட்டரைக் குறைத்தால், தேய்ந்த கியர் தானாக நியூட்ரலுக்குக் குதித்துவிடும். சமதளத்தில் இது தெரியாது. கிளட்ச் நழுவுகிறதா என்று சுமையோடு பாருங்கள். பெரும்பாலான பழைய டிராக்டர்களில் கிளட்ச் மாற்ற வேண்டுமென்றால் என்ஜினையும் கியர்பாக்ஸையும் இரண்டாகப் பிரித்தாக வேண்டும். டிஸ்க் விலையை மட்டும் கணக்கில் வைத்துப் பேரம் பேசுகிறவர்கள் பிறகு கூலியைப் பார்த்துத் திகைத்துப்போவார்கள். பிரேக்கை இடது, வலது என்று தனித்தனியாக மிதியுங்கள். ஒரு பக்கம் மட்டும் பிடிக்கவில்லையென்றால், பின் அச்சின் ஆயில் சீல் போய் பிரேக் லைனிங் ஆயிலில் நனைந்திருக்கலாம்.

டயரில் கறுப்புப் பாலிஷ் பூசியிருந்தால், பக்கச்சுவரில் வெடிப்பு உண்டா என்று விரலால் தடவிப் பாருங்கள். டயரில் அச்சிட்டிருக்கும் தேதிக் குறியையும் தேடுங்கள். நான்கு இலக்கக் குறியில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு வருடத்தையும் குறிக்கும். பலர் பார்க்காமல் விடுவது ரிம்மை. எடைக்காகவும் உறையாமல் இருக்கவும் பின் டயரில் கால்சியம் குளோரைடு கரைசலை நிரப்பும் வழக்கம் உண்டு. அது கசிந்தால் வால்வு துளையைச் சுற்றி இரும்பை அரித்துவிடும். அங்கே பெயிண்ட் கொப்பளித்திருந்தால் கவனம்.

ஒயரிங்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய வண்டிகள் பலவற்றில் 6 வோல்ட், அதுவும் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். பேட்டரியை மாற்றி மாட்டினால் வம்பு. 12 வோல்ட்டுக்கு மாற்றியிருந்தால் தவறில்லை, ஆனால் பல்பு, காயில், சார்ஜிங் எல்லாமே மாறியிருக்க வேண்டும்.

அப்புறம் பேப்பர். "என்னென்ன வேலை செய்தீர்கள்?" என்று கேட்டால் ஒரு நீண்ட பட்டியல் வரும். "எதைத் திறக்கவில்லை?" என்று கேளுங்கள், பதில் இன்னும் பயன்படும். பிரித்துப் போட்டிருந்தபோது எடுத்த படங்களும் உதிரிபாக ரசீதுகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். நம்பர் பிளேட் புதிதாகச் செய்து விற்கப்படும் பொருள்தான், எனவே வார்ப்பில் நேரடியாகக் குத்திய எண்ணையும் பாருங்கள். ஃபோர்டு 8என் போன்றவற்றில் சீரியல் எண் என்ஜின் பிளாக்கிலேயே இருக்கும். என்ஜினை மாற்றினால் அந்த எண்ணும் போய்விடும்.

காட்சிக்கு மட்டும் வைக்காமல் வயலில் ஓட்டப் போகிறீர்கள் என்றால், கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டம் பின்னால் இருக்கிறதா என்று பாருங்கள். 1959-இல் ஸ்வீடன் புது டிராக்டர்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. மற்ற நாடுகள் பிறகுதான் வந்தன. அதனால் அந்தக் காலத்து வண்டிகள் பெரும்பாலானவற்றில் அது கிடையாது. விலை பேசும் முன்பே, அந்த மாடலுக்குப் பொருந்தும்படி சோதித்துத் தயாரித்த சட்டமும் சீட் பெல்ட்டும் கிடைக்குமா என்று விசாரித்து, அதற்காகும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.