குடிநீர், கழிப்பறை, கைகழுவல்: உலகக் கணக்கைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உலகில் எத்தனை பேருக்குப் பாதுகாப்பான குடிநீர் கிடைக்கிறது, எத்தனை பேருக்குக் கழிப்பறை இல்லை என்று நாம் படிக்கும் எண்களில் பெரும்பாலானவை ஓரிடத்திலிருந்தே வருகின்றன. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் இணைந்து 1990 முதல் நடத்திவரும் கூட்டுக் கண்காணிப்புத் திட்டமே அது. வீட்டு ஆய்வுகள், மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள், நிர்வாகப் பதிவுகள் ஆகியவற்றை நாடுவாரியாகத் திரட்டி அது மதிப்பீடுகளை வெளியிடுகிறது. அந்த மதிப்பீடுகள் கவனத்துடன் தயாரிக்கப்படுபவை. எடுத்தாளுபவர்களின் அவசரத்தால்தான் அவை திரிந்துபோகின்றன. ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் தண்ணீருக்காக அலையும் குடும்பங்கள் இருப்பதால், இந்தத் திரிபைச் சிறு பிழையென்று விட்டுவிட என்னால் முடியவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, வரையறை மாறியதைக் கவனிக்காமல் எண்களை ஒப்பிடுவது. 2015இல் வெளியான அறிக்கை, மேம்படுத்தப்பட்ட நீராதாரம் இல்லாதவர்கள் 66.3 கோடிப் பேர் என்றது. 2017இல் வெளியான அறிக்கையோ, அதே 2015ஆம் ஆண்டுக்கு, பாதுகாப்பாகப் பராமரிக்கப்படும் குடிநீர் இல்லாதவர்கள் 210 கோடிப் பேர் என்றது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவர், உலகின் நிலைமை ஒரேயடியாகச் சரிந்துவிட்டது என்று எண்ணக்கூடும். உண்மையில் சரிந்தது எதுவுமில்லை; கேள்விதான் கடுமையானது. முன்பு குழாயா, ஆழ்துளைக் கிணறா, மூடிய கிணறா என்று ஆதாரத்தின் வகையை மட்டும் பார்த்தார்கள். இப்போது நீர் வீட்டு வளாகத்திலேயே கிடைக்க வேண்டும், தேவைப்படும் நேரத்தில் வர வேண்டும், மலக்கிருமி மாசும் ஆர்சனிக், ஃபுளோரைடு போன்ற வேதி மாசும் இல்லாமல் இருக்க வேண்டும் என்ற மூன்று நிபந்தனைகள் சேர்ந்துள்ளன.

இந்தக் கடுமை ஏன் தேவைப்பட்டது என்பதற்கு வங்கதேசத்தின் ஆழ்துளைக் கிணறுகளே சான்று. குளத்து நீரால் பரவிய வயிற்றுப்போக்கிலிருந்து குழந்தைகளைக் காக்க அவை லட்சக்கணக்கில் தோண்டப்பட்டன; பழைய கணக்கில் அவை மேம்படுத்தப்பட்ட ஆதாரங்களே. ஆனால் அவற்றில் பலவற்றின் நீரில், லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவுக்கு மேல் ஆர்சனிக் இருந்தது பின்னர்தான் தெரியவந்தது. ஆகவே ‘மேம்படுத்தப்பட்ட’ என்ற சொல்லைப் ‘பாதுகாப்பான’ என்று மாற்றி எழுதுவது மொழிநடை சார்ந்த விஷயமன்று. அது பொருளையே மாற்றிவிடும் தவறு.

இதனோடு ஒட்டியது, பழைய அறிக்கையின் எண்ணையும் புதிய அறிக்கையின் எண்ணையும் கழித்துப் பார்ப்பது. ஒவ்வொரு முறையும் புதிய தரவுகள் சேரும்போது 2000ஆம் ஆண்டு தொடங்கி முழு வரிசையும் மீண்டும் கணக்கிடப்படுகிறது. 2015இல் பாதுகாப்பாகப் பராமரிக்கப்படும் குடிநீர் பெற்றவர்கள் 71 சதவீதம் என்று 2017இன் அறிக்கை சொன்னது. அதே ஆண்டுக்கு 2025இன் அறிக்கை 68 சதவீதம் என்கிறது. 2024க்கான மதிப்பீடு 74 சதவீதம். பழைய அறிக்கையோடு ஒப்பிட்டால் முன்னேற்றம் 3 புள்ளி. ஒரே அறிக்கைக்குள் ஒப்பிட்டால் 6 புள்ளி. சரியானது இரண்டாவதுதான். ஒப்பிட வேண்டிய ஆண்டுகள் இரண்டையும் எப்போதும் அண்மைய அறிக்கையிலிருந்தே எடுக்க வேண்டும்.

சதவீதத்தை விட்டுவிட்டுத் தலைக்கணக்கை மட்டும் பார்ப்பதும் ஏமாற்றும். 2024இலும் பாதுகாப்பான குடிநீர் இல்லாதவர்கள் 210 கோடிப் பேர்தான். 2017இன் அறிக்கை 2015க்குச் சொன்ன எண்ணும் அதுவே. ஒன்றுமே நடக்கவில்லை என்று இதைக் கொண்டு முடிவுகட்டுபவர்கள், இவை வெவ்வேறு அறிக்கைகளின் எண்கள் என்பதையும், இடைப்பட்ட ஆண்டுகளில் 96 கோடிப் பேருக்கு இந்த வசதி புதிதாகக் கிடைத்ததையும், மக்கள்தொகை பெருகியதையும் காணாமல் விடுகிறார்கள்.

நாட்டளவிலான எண்ணைப் படிப்பவர்கள், அது மூன்று நிபந்தனைகளின் சராசரி என்று நினைத்துவிடுகிறார்கள். வளாகத்தில் நீர் உள்ளவர்கள் 90 சதவீதம், தேவைப்படும்போது நீர் வருபவர்கள் 80 சதவீதம், மாசற்ற நீர் பெறுபவர்கள் 60 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஏற்கப்படுவது மிகக் குறைவான 60தான். பல இடங்களில் எண்ணைக் கீழே இழுப்பது நீரின் தரமே. அதை அறிய, ஆய்வுக்குச் செல்பவர் ‘உங்கள் வீட்டில் வழக்கமாகக் குடிக்கும் தண்ணீரை ஒரு தம்ளரில் கொடுங்கள்’ என்று வீட்டாரிடம் கேட்கிறார். அதில் 100 மில்லிலிட்டரை நுண்ணிய வடிதாளில் வடித்து, கிருமி வளரும் தட்டில் வைத்து, ஒரு நாள் வெதுவெதுப்பில் காத்திருக்கிறார்; தட்டில், மல மாசைக் காட்டும் கிருமியான ஈ.கோலையின் புள்ளி ஒன்று தோன்றினாலும் அந்த நீர் மாசுபட்டதே. ஆதாரத்தின் நீரும் இவ்வாறே சோதிக்கப்படுகிறது. ஆதாரத்தில் தூய்மையாக இருந்த நீர் தம்ளருக்கு வருவதற்குள் மாசுபடுவது அடிக்கடி நிகழ்வதால், எந்த இடத்து நீரின் முடிவு அது என்று கேட்காமல் எண்ணை எடுத்தாளக் கூடாது.

சுகாதாரத்தில் நடக்கும் தவறு, கழிப்பறைகளை எண்ணியதும் வேலை முடிந்துவிட்டதாகக் கருதுவது. இங்கே நாம் பின்தொடர வேண்டியது மலக்கழிவின் பயணத்தை. தொட்டி நிரம்பியதும் லாரி அதை உறிஞ்சிச் சென்று ஆற்றோரத்தில் கொட்டுமானால், அந்த வீட்டின் பளிங்குக் கழிப்பறையும் பாதுகாப்பான சுகாதாரம் என்ற கணக்கில் சேராது. பிற வீட்டாருடன் பகிர்ந்துகொள்ளும் கழிப்பறையும் அதில் சேராது. அது வரம்புக்குட்பட்ட சேவையாகவே பதிவாகும். 2024இல் பாதுகாப்பான சுகாதார வசதி இல்லாதவர்கள் 340 கோடிப் பேர். அவர்களில் திறந்தவெளியில் மலம் கழிப்பவர்கள் சுமார் 35 கோடிப் பேர் மட்டுமே. திறந்தவெளிப் பழக்கத்தை ஒழிப்பதோடு கணக்கை மூடினால், மீதமுள்ள 300 கோடிக்கும் மேற்பட்டோர் பார்வையிலிருந்து மறைந்துவிடுவார்கள்.

கைகழுவும் வசதியைப் பொறுத்தவரை, வாய்மொழிப் பதிலை நம்புவது தவறு. கை கழுவுவதில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். அதனால்தான் ஆய்வாளர் கை கழுவும் இடத்தைக் காட்டச் சொல்லி, அங்கே தண்ணீரும் சோப்பும் இருக்கின்றனவா என்று நேரில் பார்க்கிறார். ஆனாலும் அந்த எண் வசதி இருப்பதை மட்டுமே சொல்கிறது, பழக்கத்தைச் சொல்வதில்லை.

கடைசியாக, தரவு இல்லாத இடத்தை நிரப்பும் ஆசை. ஒரு நாட்டின் தொடர்புடைய மக்கள்தொகையில் பாதிப் பேருக்காவது தரவு இருந்தால்தான் அந்நாட்டுக்கான மதிப்பீடு வெளியிடப்படுகிறது. வெற்றிடமாக இருக்கும் கட்டத்தைப் பூச்சியம் என்றோ, அண்டை நாட்டைப் போலத்தான் இருக்கும் என்றோ எழுதக் கூடாது. ‘தரவு இல்லை’ என்றே எழுத வேண்டும். அந்த நாட்டில் அடுத்த ஆய்வை நடத்தச் சொல்லிக் கேட்பவர்களுக்கு அந்த வெற்றுக் கட்டமே ஆதாரம்.