சிரோசிஸில் ரத்த வாந்தி: ஷன்ட் சிகிச்சைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய்) உள்ளவர் ரத்த வாந்தி எடுத்தால், வீடு பென்னாகரத்தில் இருந்தாலும் தேன்கனிக்கோட்டையில் இருந்தாலும், முதலில் 108-ஐ அழையுங்கள். ரத்தக்கசிவை அடக்கும் ஊசி மருந்து, ஆன்டிபயாட்டிக், எண்டோஸ்கோப்பி வழியாக உணவுக்குழாயில் புடைத்த நாளங்களில் ரப்பர் வளையம் போடுதல் ஆகியவையே பெரும்பாலும் முதல் சிகிச்சை. ஷன்ட் (ரத்தத்தை வேறு சிரைக்குத் திருப்பி, புடைத்த நாளங்களின் அழுத்தத்தைக் குறைக்கும் இணைப்பு) பற்றிய பேச்சு அவற்றுக்குப் பிறகே வரும்.

ஷன்ட் தேவை என்று மருத்துவர் சொன்னால், எந்த வகை என்று கேளுங்கள். டிப்ஸ் (TIPS) முறையில் கழுத்துச் சிரை வழியாகச் சென்று, குடலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையையும் கல்லீரல் சிரையையும் கல்லீரலுக்குள்ளேயே ஸ்டென்ட்டால் (சிறு வலைக்குழாயால்) இணைப்பதால், வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. உறையிட்ட ஸ்டென்ட்தானா என்பதையும் அவசியம் கேட்க வேண்டும். உறையில்லாதவை அடைபடுவது அதிகம். அறுவை சிகிச்சைகளில், 1967-இல் வாரன் குழுவினர் விவரித்த முறை மண்ணீரல் சிரையை இடது சிறுநீரகச் சிரையோடு இணைத்து, கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தை ஓரளவு காக்கிறது; ஆனால் கல்லீரல் ஓரளவு நன்றாக இயங்குபவர்களுக்கே அது பொருந்தும்.

மறுபடி ரத்தம் கசிவதை எல்லா ஷன்டும் குறைக்கும். ஆனால் குடலிலிருந்து வரும் ரத்தம் கல்லீரலைத் தாண்டிச் செல்வதால், அம்மோனியா போன்றவை மூளையை எட்டிக் குழப்பம் உண்டாகலாம் என்பதை, என் கருத்தில், குடும்பத்தார் எல்லாவற்றுக்கும் மேலாக எடைபோட வேண்டும். பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பது, கையெழுத்து கோணுவது, நீட்டிய கைகள் படபடப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். ஏற்கெனவே அப்படி இருந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

கல்லீரல் மாற்று வாய்ப்பு பாதிக்கப்படுமா, பின்னர் ஷன்டில் ரத்தம் ஓடுகிறதா என்று பார்க்கும் டாப்ளர் ஸ்கேனுக்குச் சேலமோ பெங்களூருவோ போக வேண்டியிருக்குமா என்பதையும் கையெழுத்திடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.