தெர்மோஸ்டாட்டை மாட்டியும் பில் குறையவில்லையா? அட்டவணை போடுவது இப்படித்தான்

ஹீட்டரையும் ஏசியையும் நாம் சொன்ன நேரத்துக்குச் சொன்ன டிகிரியில் ஓட்டும், புரோகிராம் செய்யும் வசதியுள்ள தெர்மோஸ்டாட்டைச் சுவரில் மாட்டிய பிறகு, முதல் இரண்டு மாதம் எங்கள் வீட்டு பில் துளிகூடக் குறையவில்லை. மூன்றாவது மாதம்தான் திரையின் மூலையில் பொடி எழுத்தில் 'ஹோல்டு' என்று இருப்பதைக் கவனித்தேன். மாட்டிய அன்று ராத்திரி, குளிருகிறதே என்று நானே அமுக்கிய பொத்தான். மெனக்கெட்டு ஏற்றிய அட்டவணையை அந்தக் கருவி அன்றைக்கே மூட்டை கட்டி வைத்துவிட்டது.

இந்தக் கதை எனக்கு மட்டும் நடந்ததல்ல. அமெரிக்காவில் மின்சாரத்தையும் எரிபொருளையும் மிச்சப்படுத்தும் கருவிகளுக்குத் தரும் 'எனர்ஜி ஸ்டார்' முத்திரையை இந்த வகைத் தெர்மோஸ்டாட்டுகளுக்குக் கொடுப்பதை 2009 முடிவோடு நிறுத்திவிட்டார்கள். வாங்கியவர்களில் பலர் சரியாகப் புரோகிராம் செய்யாததால், எதிர்பார்த்த சேமிப்பு வீடுகளில் தென்படவில்லை. அதனால் மாட்டுவதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, அட்டவணைக்குத்தான் அதிக இடம் தரப்போகிறேன்.

படி 1: உங்கள் வீட்டுக்குப் பொருந்துமா?

ஹீட்டர், ஏசி இரண்டின் பிரேக்கரையும் அணைத்துவிட்டு, பழைய தெர்மோஸ்டாட்டின் மூடியைக் கழற்றுங்கள். மெல்லிய ஒயர்கள் நாலைந்து இருந்தால் பெரும்பாலும் 24 வோல்ட் அமைப்பு, நீங்களே மாற்றலாம். தடித்த ஒயர்கள் இரண்டோ நான்கோ இருந்தால் வீட்டு மின்சாரம் நேராக அங்கே வருகிறது என்று அர்த்தம். அதற்கான தெர்மோஸ்டாட் தனி வகை. அங்கேயே நிறுத்திக்கொண்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ரிமோட்டில் ஓடும் ஸ்பிளிட் ஏசிக்கு இந்தக் கருவி நேரடியாகப் பொருந்தாது. ரிமோட்டிலேயே டைமர் இருந்தால், படி 3-இல் வரும் கணக்கை அதில் போட்டுக்கொள்ளலாம்.

படி 2: மாட்டுதல்

ஒயரைக் கழற்றும் முன் செல்போனில் ஒரு படம். இதைத் தவிர்க்கவே தவிர்க்காதீர்கள். ஒயரின் நிறத்தை நம்ப வேண்டாம். அது செருகியிருக்கும் இடத்தில் உள்ள எழுத்துதான் கணக்கு. வழக்கமாக ஆர் என்பது மின்சாரம் வரும் ஒயர், டபிள்யூ சூடாக்க, ஒய் குளிராக்க, ஜி மின்விசிறிக்கு, சி என்பது மின்சாரம் திரும்பும் வழி. சி ஒயர் இல்லையென்றால் பேட்டரியில் ஓடும் மாடலாக வாங்குங்கள். புதிய கருவியில் அதே எழுத்துக்கு அதே ஒயர், அவ்வளவுதான்.

கழற்றிய பழைய கருவிக்குள் கண்ணாடிக் குமிழில் வெள்ளியாய் ஏதாவது உருண்டால் அது பாதரசம். குப்பையில் போடாமல், அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

வெயில் படும் சுவர், வாசல் காற்று, டிவிக்குப் பின்பக்கம் ஆகிய மூன்றும் தெர்மோஸ்டாட்டுக்கு ஆகாது. வீட்டின் உள்சுவரில், தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரம் சரி.

படி 3: அட்டவணை

பொத்தானைத் தொடுவதற்கு முன்னால் ஒரு தாளை எடுங்கள். ஒரு வாரத்துக்கு நான்கே நேரங்களை எழுதுங்கள்: எழுவது, வீடு காலியாவது, முதல் ஆள் திரும்புவது, படுப்பது. 'பத்து மணிக்குப் படுத்துவிடுவோம்' என்று சொல்வோம். தாளில் பதினொன்றரை என்று இருக்கும். தாளில் இருப்பதைத்தான் ஏற்ற வேண்டும்.

குளிர்காலத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு:

காலை 5:30 – 20 டிகிரி
காலை 8:00 – 16 டிகிரி
மாலை 5:00 – 20 டிகிரி
இரவு 11:00 – 16 டிகிரி

இதில் எழுவது 6 மணிக்கு, திரும்புவது மாலை 5:30-க்கு. வீடு சூடாக நேரம் பிடிக்கும் என்பதால் அரை மணி முன்னதாக வைத்திருக்கிறேன். சில மாடல்கள் எப்போது தொடங்குவது என்று தாமே கணக்குப் போடும். அவற்றில் எழும் நேரத்தையே கொடுங்கள். கைக்குழந்தையோ வயதானவர்களோ வீட்டில் இருந்தால் 16 வரை இறங்க வேண்டாம். கோடையில் இதே அட்டவணையைத் தலைகீழாக்குங்கள்: ஆளில்லாத நேரத்தில் எண் ஏற வேண்டும்.

"ஆறவிட்டுத் திரும்பச் சூடாக்கினால் இன்னும் அதிகம் செலவாகுமே?" என்று கேட்காதவர் இல்லை. அடியில் ஓட்டையுள்ள குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டம் உயர உயர ஒழுகும் வேகமும் கூடும். மட்டம் தாழ்ந்திருக்கும் நேரமெல்லாம் ஒழுகுவது குறைவு. வீட்டின் வெப்பமும் அப்படித்தான், உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் குறைந்தால் கசிவும் குறையும். தினமும் 8 மணி நேரம் 4 முதல் 5.5 டிகிரி வரை மாற்றி வைத்தால், சூடாக்கவும் குளிராக்கவும் ஆகும் செலவில் வருடத்துக்கு 10 சதவீதம் வரை மிஞ்சலாம் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை.

ஹீட் பம்ப் (வெளியிலுள்ள வெப்பத்தை உள்ளே இழுத்து வீட்டைச் சூடாக்கும் கருவி) வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. குளிர்காலத்தில் நிறைய இறக்கிவிட்டு ஒரேயடியாக ஏற்றினால், துணைக்கு இருக்கும் மின் ஹீட்டர் ஓடத் தொடங்கி மிச்சத்தை விழுங்கிவிடும். ஒன்றிரண்டு டிகிரியோடு நிறுத்துங்கள், அல்லது ஹீட் பம்புக்கென்றே வரும் மாடலை வாங்குங்கள்.

படி 4: ஹோல்டு

குளிருகிறது என்று மேல்நோக்கிய அம்புக்குறியை அமுக்கினால், பெரும்பாலான மாடல்களில் அடுத்த கட்ட நேரம் வரைக்கும்தான் அந்த மாற்றம். இது தற்காலிகம், பயமில்லை. 'ஹோல்டு' பொத்தானை அமுக்கினால் நீங்களாக எடுக்கும்வரை அட்டவணை செத்த மாதிரிதான். திரும்பக் கொண்டுவர 'ரன்' என்ற பொத்தான் இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் இந்த இரண்டையும் காட்டிக் கொடுத்துவிடுங்கள். அப்புறம், சீக்கிரம் சூடாகட்டும் என்று 28-இல் வைப்பதில் பயனில்லை. சாதாரண ஹீட்டர் 20-க்கும் 28-க்கும் ஒரே வேகத்தில்தான் ஓடும். நீங்கள் மறந்துபோனால் 28 வரைக்கும் போகும்.

எண்ணை மாற்றியதும் ஏசி உடனே கிளம்பாவிட்டால் பதறாதீர்கள். கம்ப்ரஸரைக் காப்பாற்ற ஐந்து நிமிடம் போல அது காத்திருக்கும்.

பலன் தெரிய, பில் தொகையை விட்டுவிட்டு யூனிட்டைப் பாருங்கள். போன மாதத்தோடு அல்ல, போன வருடம் இதே மாதத்தோடு. வருடத்துக்கு ஒருமுறை பேட்டரியை மாற்றும்போது கடிகாரத்தையும் சரிபாருங்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை காலையும் மாலையும் இடம் மாறிப்போய், ஆளில்லாத வீட்டை ஒரு வாரம் ஹீட்டர் நன்றாகச் சூடாக்கி வைத்திருந்தது.