கூடைப்பந்து அணித்தலைவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகப் பாடசாலைகளில் அணித்தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போது, அதிகப் புள்ளி போடும் பிள்ளையின் பெயர்தான் பெரும்பாலும் முதலில் வரும். மழை விட்டதும் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் பிள்ளை அது. அந்த ஆசை கட்டாயம் வேண்டும். ஆனால் கூட ஆடும் நான்கு பேரையும் அது கண்ணில் படாமல் செய்துவிடக் கூடாது.

நான் அதிகம் பார்க்கும் தவறு, வாயால் அல்ல, கையால் திட்டுவது. ஹட்டன் பக்கம் ஒரு மாலைப் பயிற்சி. பனி இறங்கி, சீமெந்துத் தரையும் பந்தும் ஈரம். சின்னப் பிள்ளை ஒருத்தி பாஸைக் கைவிட்டாள். தலைவி ஒன்றும் பேசவில்லை. இரண்டு கைகளையும் விரித்து வானத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை வளையத்துக்குக் கீழே தனியாக நின்றபோதும் பந்து கேட்டுக் கையை நீட்டவில்லை. தலைவியிடம் பேசிப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்தது. "தங்கச்சி, பந்து வழுக்குது, நெஞ்சோட சேத்துப் பிடி" என்று சொல்லி, அடுத்த பாஸையும் அவளுக்கே கொடுத்தாள். இந்த இரண்டாவது வேலைதான் முக்கியம். பாஸ் கொடுக்காமல் ஆறுதல் மட்டும் சொன்னால் எந்தப் பிள்ளையும் நம்பாது.

அடுத்தது, எல்லாவற்றையும் தானே செய்யப் பார்ப்பது. சர்வதேச விதிப்படி ஒருவருக்கு 5 பவுல் (விதிமீறல்) ஆனால் ஆட்டத்தை விட்டு வெளியே போக வேண்டும். 4 பவுலோடு நிற்கும் தலைவர் ஆவேசத்தில் பந்தைப் பறிக்கப் பாய்ந்தால், கடைசி நிமிடங்களில் அணி தலைவர் இல்லாமல் நிற்கும்.

நடுவரோடு சண்டை பிடிப்பதும் அப்படித்தான். ஆட்டமும் கடிகாரமும் நின்றிருக்கும்போது மரியாதையாக விளக்கம் கேட்கத் தலைவருக்கு உரிமை உண்டு. கத்தினால் டெக்னிக்கல் பவுல், அதாவது நடத்தைக்காகத் தரும் பவுல். எதிரணிக்கு ஒரு பிரீ த்ரோ, யாரும் தடுக்காமல் வளையத்துக்கு எறியும் வாய்ப்பு. ஆட்டத்தைச் சற்று நிறுத்த டைம் அவுட் கேட்பதும் பயிற்றுநர் வேலை. அதற்காக மைதானத்தில் நின்று கை காட்டுவதில் பயனில்லை.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இன்னொன்று. சீக்கிரம் போகிறவர்களை "ஆர்வம் இல்லை" என்று ஒதுக்கிவிடுவது. மேல் தோட்டத்திலிருந்து வரும் பிள்ளை கடைசி பஸ்ஸை விட்டால், இருட்டில் தேயிலை மலை ஏறித்தான் லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, போக வேண்டும். அம்மா கொழுந்து பறித்துவிட்டு வரும்வரை வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு. டவுனில் வீடு உள்ள தலைவருக்கு இது தெரியாமல் போகலாம். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

யார் எந்த பஸ்ஸில் போகிறார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். சீக்கிரம் போகிறவர்கள் முதலில் ஷூட்டிங், அதாவது வளையத்துக்குப் பந்து எறியும் பயிற்சி, செய்யட்டும். ஓட்டமும் உடற்பயிற்சியும் கடைசியில் இருக்கட்டும். அதை அவர்கள் காலையில் பாடசாலை மணி அடிக்கும் முன்பே செய்துகொள்ளலாம். அப்புறம், பஸ்ஸுக்கு ஓடுகிற பிள்ளையிடம் இன்றைக்கு எத்தனை பந்து வளையத்தில் விழுந்தது என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள்.