24 மணி நேர யூரின் டெஸ்ட்: மெட்டாநெஃப்ரின் பரிசோதனைக்குச் சரியாகச் சேகரிப்பது எப்படி?

தலைவலி, குப்பென்று வியர்வை, படபடப்பு மூன்றும் சேர்ந்து வருகின்றன. அந்த நேரத்தில் பிரஷர் எகிறி, பிறகு தானே இறங்கிவிடுகிறது. இப்படிப்பட்டவருக்கு அட்ரீனல் சுரப்பியில் ஃபியோகுரோமோசைட்டோமா கட்டி இருக்குமோ என்று டாக்டர் சந்தேகப்படுவார். அரிதான கட்டிதான். ஆனால் அட்ரினலினையும் நார்அட்ரினலினையும் கணக்கில்லாமல் ரத்தத்தில் கொட்டும். முன்னது இதயத்தை விரட்டும், பின்னது ரத்தக் குழாய்களை இறுக்கும்.

இவை ரத்தத்தில் சில நிமிடங்களே தங்கும். ஊசி குத்தும் நேரத்தில் கட்டி சும்மா இருந்தால் அளவு சாதாரணமாகவே தெரியலாம். கட்டிக்குள்ளேயே அவை மாறி உருவாகும் மெட்டாநெஃப்ரின் அப்படியல்ல, ஓயாமல் கசியும். அதனால்தான் ஒரு நாள் சிறுநீர் முழுவதையும் சேர்த்து அதை அளக்கிறார்கள்.

முதலில் மருந்துச் சீட்டை டாக்டரிடம் காட்டுங்கள். அமிட்ரிப்டிலின், லெவோடோபா, லேபட்டலால், சளி மாத்திரையில் வரும் சூடோஎஃபெட்ரின் எல்லாம் முடிவைக் குழப்பும். சில லேப் முறைகளில் பாராசிட்டமாலும் கெடுக்கும். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். பிரஷர் மருந்தான குளோனிடினைச் சட்டென்று விட்டால் பிரஷர் தாறுமாறாக ஏறும்.

1. லேப் தரும் கேனில் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றியிருப்பார்கள். அதைக் கொட்டவோ கழுவவோ கூடாது. நேரடியாக அதில் சிறுநீர் கழிக்கவும் கூடாது, தெறித்தால் தோல் வெந்துவிடும். தனிக் குவளையில் பிடித்து மெதுவாக ஊற்றுங்கள்.

2. காலை 7 மணிக்கு எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கழிப்பறையிலேயே விட்டுவிடுங்கள். அது முந்தைய இரவின் கணக்கு. அந்த நேரத்தைக் கேனில் எழுதுங்கள். பலர் தவறுவது இங்கேதான்.

3. அதன்பின் ஒரு சொட்டு விடாமல் சேருங்கள். மலம் கழிக்கப் போகும்போது முதலில் குவளையில் சிறுநீரைப் பிடித்துவிடுங்கள், இல்லையென்றால் அது கணக்கில் வராது.

4. மறுநாள் காலை 7 மணிச் சிறுநீரையும் சேர்த்து மூடுங்கள். அதுவரை கேன் குளிர்ச்சியான, வெயில் படாத இடத்தில் இருக்கட்டும்.

நடுவில் ஒருமுறை விட்டுப்போனால் மறைக்க வேண்டாம். லேபில் கிரியேட்டினினும் (தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் சிறுநீரில் வெளியேறும் கழிவு) பார்ப்பார்கள். சேகரிப்பு குறைந்தால் அதில் பெரும்பாலும் தெரிந்துவிடும். புதுக் கேன் வாங்கி மறுநாள் முதலிலிருந்து தொடங்குவதே மேல்.

மெட்டாநெஃப்ரின் உச்ச வரம்பைவிட மூன்று நான்கு மடங்கு இருந்தால் கட்டிக்கான வாய்ப்பு மிக அதிகம், அடுத்தது ஸ்கேன். வரம்பைக் கொஞ்சம் தாண்டியிருந்தால் பதற வேண்டாம், மருந்தோ மன அழுத்தமோ காரணமாக இருக்கலாம். மறுபடி எடுக்கச் சொல்வார்கள், அல்லது 20 முதல் 30 நிமிடம் படுக்க வைத்து ரத்தத்தில் பார்ப்பார்கள்.

முடிவு வரும்வரை படபடப்புக்கென்று புரோப்ரனலால் வாங்கிப் போடாதீர்கள். அது பீட்டா தடுப்பு மருந்து. குழாய் இறுகுவதைத் தடுக்கும் ஆல்ஃபா தடுப்பு மருந்து முதலில் கொடுக்காமல் பீட்டா தடுப்பை மட்டும் கொடுத்தால், குழாயைத் தளர்த்தும் வழி அடைபட்டு, இறுக்கும் வேலை மட்டும் நடக்கும். பிரஷர் இன்னும் ஏறும்.